கடாரத்துக் காதல் கதைகளும் காலப்பயணமும்

இன்றைய இளையோர் விரும்பிப் படிக்கும் இலக்கிய வகைகளுள் காலப்பயணக் காதல் கதையும் ஒன்று. இக்காலத்தவர் ஒருவர் ஏதோ ஒரு வழியில் முற்காலத்துக்குச் செல்கிறார். அங்கு வாழும் ஒருவரிடம் மனத்தைப் பறிகொடுக்கிறார். பின்னர்ப் பிரிய நேர்கிறது. இதுவே இவ்வகையின் பொது அமைப்பு. ஆங்கிலத்தில் எச். ஜி. வெல்ஸ் 1895-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'காலப் பொறி' என்னும் புதினம் காலப்பயணக் கற்பனையைப் பரவலாக்கியது. பழங்காலத்தைக் காணும் அதே வேட்கையைத் தமிழில் நெடுங்காலம் நிறைவு செய்தது வரலாற்றுப் புதினமே. கெடாவில் வாழும் நமக்கு இது தொலைவான செய்தியன்று. அப்புதினங்களின் தலைவர்கள் கலமேறி வந்த கடாரம் இம்மண்ணே என்பது அறிஞர் பலரின் துணிபு.

பட்டினப்பாலை குறிக்கும் காழகம் என்பதற்குக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் பொருள் கூறினார். 1025-ஆம் ஆண்டளவில் முதலாம் இராசேந்திரன் நடத்திய கடற்படையெடுப்பைத் தஞ்சைக் கல்வெட்டு விரித்துரைக்கிறது. 'கடாரங்கொண்டான்' என்னும் பட்டமும் அதனால் அமைந்தது. இராசேந்திரன் காலத்தைக் களமாகக் கொண்ட அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' 1963-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. குமுதம் இதழில் தொடராக வந்து மூன்று பாகங்களாக நூலுருப் பெற்ற சாண்டில்யனின் 'கடல் புறா', கருணாகரத் தொண்டைமானுக்கும் கடாரத்து இளவரசி காஞ்சனாதேவிக்கும் இடையே மலரும் காதலைச் சொல்கிறது. தொண்டைமான் வரலாற்று மாந்தன். காஞ்சனாதேவி கற்பனைப் படைப்பு. கடாரம் என்னும் பெயரைத் தமிழ் வாசகர் பலர் நெஞ்சில் பதித்ததில் அக்கற்பனைப் பெண்ணுக்குப் பெரும்பங்கு உண்டு.

எனினும், இப்புதினங்கள் வாசகரை அரசகுமாரரின் தோளோடு தோளாக நிறுத்துகின்றன. கடாரத்து மண் காட்டுவதோ வேறு மாந்தரை. ஜெராய் மலையடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் குவாரிட்ச் வேல்ஸ் இணையர் 1936, 1937-ஆம் ஆண்டுகளில் அகழாய்வு செய்து கோயில் அடித்தளங்கள் பலவற்றை வெளிப்படுத்தினர். 2009-ஆம் ஆண்டு முதல் சுங்கை பத்துவில் நடந்த அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களையும் காற்று ஊதும் மண்குழாய்களையும் வெளிக்கொணர்ந்தன. உலைமுன் நின்று வெந்தவர் யார், பாரம் சுமந்து கலத்தில் ஏற்றியவர் யார் என்னும் வினாக்களை இளவரசியின் காதல் கதை எழுப்புவதில்லை.

காலப்பயணக் கதைக்கு இங்கே ஒரு தனி வாய்ப்பு உண்டு. அதில் பழங்காலத்துக்குச் செல்பவர் அரசகுமாரர் அல்லர். நம்மைப் போன்ற ஒருவர். தம் பாட்டன், பாட்டியின் நினைவுகளோடு செல்லும் அவர், கண்ட பொருளை எல்லாம் 'இது யாருடைய உழைப்பு?' என்று கேட்கக் கூடியவர். அவர் ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும் என்பதும் இல்லை. பெரட்டுக் களமும் ஆயாக் கொட்டகையும் லயத்து வீடுகளும் இருந்த தோட்டங்கள் பல இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. சோழர் கதை எழுதிய அகிலனே மலேசியத் தோட்ட வாழ்வைப் 'பால்மரக் காட்டினிலே' என்னும் புதினமாக்கினார். சப்பானியர் ஆட்சியில், 1942, 1943-ஆம் ஆண்டுகளில், தோட்டத் தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1946, 1947-ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. சயாமுக்குப் புறப்படும் ஒருவனை, அவன் திரும்ப மாட்டான் என்று அறிந்தே ஒரு பெண் காதலிக்க நேர்ந்தால், அவளுடைய பிரிவுத் துயரே வாசகருக்கு வரலாற்றுப் பாடமாகும்.

இவ்வகைக் கதையில் காதல் வெறும் சுவையூட்டி அன்று. பாடநூலில் 'தொழிலாளர்' என்னும் ஒரு சொல்லில் அடங்கிவிடுவோரைப் பெயரும் குரலும் உடையவராக்குவது அதுவே. ஆனால், அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். மாந்தரைக் கற்பனை செய்யலாம். ஆண்டு, இடம், உணவு, கருவி, கூலி ஆகியவற்றைக் கற்பனை செய்யலாகாது.

2013-ஆம் ஆண்டில், சுங்கை பத்துப் பகுதியில் தனியார் நிலத்தில் இருந்த பதினோராம் எண் சண்டி, அதாவது பழங்கோயில் அடித்தளம், இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது வெளிப்பட்டுப் பெரும் கண்டனம் எழுந்தது. கல்லுக்கே அந்நிலை எனில், பலகையால் ஆன லயத்து வீட்டுக்கும் முதியோர் நினைவுக்கும் என்ன காவல் உண்டு? ஆகவே, ஆசிரியப் பெருமக்கள் மாணவரை மெர்போக் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்வதோடு, தோட்டத்தில் பால் வெட்டிய முதியோரிடமும் அனுப்புவார்களாக. அவர்கள் சொல்லும் பெயர்களையும் நிரைகளையும் பாடல்களையும் மாணவர் முதலில் எழுதிக்கொள்ளட்டும். காதல் கதையை அதன்பின் தொடங்கட்டும்.