நற்செய்திப் படிகளின் பயணம்: லிண்டிஸ்பார்னும் தரங்கம்பாடியும்

ஒரு நூலின் வரலாறு அதன் பனுவலோடு முடிந்துவிடுவதன்று. அப்படியை எழுதியோர், கட்டமைத்தோர், வைத்திருந்தோர், அதில் குறிப்பெழுதியோர் அனைவரும் அவ்வரலாற்றில் இடம்பெறுவர். இங்கிலாந்தின் இடைக்கால ஓவியச் சுவடி ஒன்றையும், தமிழில் முதன்முதலாக அச்சான புதிய ஏற்பாட்டின் படி ஒன்றையும் முன்வைத்து இக்கட்டுரை இதனை விளக்க முற்படுகிறது.

லிண்டிஸ்பார்ன் நற்செய்திச் சுவடி ஏறத்தாழ கி.பி. 700ஐ ஒட்டி, கன்றுத்தோலில் இலத்தீன் மொழியில் எழுதப்பட்டு வண்ண ஓவியங்களால் அணிசெய்யப்பட்டது. பத்தாம் நூற்றாண்டில் ஆல்டிரெட் என்னும் குரு அதன் வரிகளுக்கிடையே பழைய ஆங்கிலத்தில் சொற்பொருள் எழுதினார். ஆங்கிலத்தில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய நற்செய்தி மொழிபெயர்ப்பு அதுவே. சுவடியை எழுதியவர் எட்பிரித் ஆயர் என்பதையும், கட்டமைத்தவர், அட்டைக்குப் பொன்மணி அணி செய்தவர் ஆகியோர் பெயர்களையும் அவரே இறுதி ஏட்டில் பதிவு செய்தார். அவ்வணி அட்டை மறைந்துவிட்டது. சுவடி இன்று இலண்டனில், பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. ஆயினும் ஆல்டிரெட்டின் குறிப்பினால் அதன் பிறப்பிடம் மறக்கப்படவில்லை.

தமிழ் நற்செய்தியின் வரலாறு வேறு வகையினது. 1706இல் தரங்கம்பாடி வந்த பர்த்தலோமேயு சீகன்பால்கு, தமிழை ஓலைச்சுவடிகளின் வழியே பயின்றவர். 1708இல் தொடங்கிய அவரது புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1711இல் நிறைவுற்றது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு வந்த எழுத்துகள் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துகள் உள்ளூரிலேயே வார்க்கப்பட்டன. நான்கு நற்செய்திகள் 1714இலும், முழுப் புதிய ஏற்பாடு 1715இலும் அச்சேறின. இங்கு வண்ணமும் பொன்னும் இல்லை. உழைப்பு முழுவதும் சொல்லிலும் எழுத்து வார்ப்பிலும் அடங்கியது.

இப்பதிப்பின் படியொன்று தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் இருந்தது. 2005 அக்டோபரில் அது காணாமற்போயிற்று. மன்னர் சரபோஜியின் கையொப்பம் தாங்கிய அப்படி இலண்டனில் இருப்பது கண்டறியப்பட்டதாக 2022இல் தமிழ்நாட்டுச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு அறிவித்தது. 1715 பதிப்பின் படிகள் வேறு நூலகங்களிலும் உள்ளன. ஆகவே இழந்தது பனுவலை அன்று. தரங்கம்பாடி அச்சகத்தின் உழைப்பு தஞ்சை அரண்மனையின் அறிவுச் சேகரத்தை அடைந்தது என்பதற்குரிய சான்றினையே இழந்தோம். ஒரே பதிப்பின் அச்சுப் படிகள் ஒன்றுபோல் தோன்றுவன. எது தஞ்சைப் படி என்று நிறுவ அக்கையொப்பமே துணை.

வத்திக்கானில் கண்ட புரோவென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியை (1679) தனிநாயகம் அடிகளார் 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழி நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். அத்தகைய முயற்சி பனுவலை நமக்கு மீட்டுத் தருகிறது. ஆனால் ஒரு படியை யார் கையாண்டனர் என்பதை அப்படியே சொல்லவேண்டும்.

இது பெரிய நூலகங்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. சித்தியவான் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், பழைய விவிலியம், தேவாரம், இராமாயணம் ஆகியவற்றின் முன்தாள்களில் பிறப்பு, இறப்பு, திருமண நாள்கள் எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். தோட்டங்கள் கைமாறி, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது இத்தகைய நூல்கள் பழைய தாள்களோடு சேர்ந்து மறைகின்றன. அதே நூலைக் கடையில் மீண்டும் வாங்கலாம். அம்முன்தாளை வாங்க இயலாது. தமிழாசிரியர்கள் தம் மாணவர் இல்லங்களிலுள்ள இக்குறிப்புகளைப் படியெடுத்துப் பதிவுசெய்தால், ஆல்டிரெட் தம் சுவடிக்குச் செய்த பணியை நம் மக்களுக்குச் செய்தவராவர்.