ஆட்டப் பலகையில் ஓடும் படை இரயில்



லயத்து அஞ்சடியில் கோடு கிழித்து ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்கள் நாம். ஐரோப்பாவில் படை அதிகாரிகளும் இப்படி ஆடியதுண்டு. 1824-இல் பிரஷ்யப் படையைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்பவர், வரைபடத்தின்மீது சிறு கட்டைகளை நகர்த்தி ஆடும் போர் ஆட்டம் ஒன்றை அமைத்தார். நாளடைவில் விதிகள் பெருகின; ஆடியவர்கள் சலித்தார்கள். 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்ற படைத்தலைவர், விதிகளைக் குறைத்து, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்புக்கே விட்டுவிடலாம் என்று எழுதினார். உண்மை முழுவதையும் பலகையில் ஏற்றினால் ஆட்டம் நகராது. எதையும் ஏற்றாவிட்டாலோ அது போர் ஆகாது.

இந்தச் சிக்கலை இரயிலில் நன்றாகக் காணலாம். எஞ்சின், பெட்டி, கரி, தண்ணீர், ஒற்றைப் பாதையில் எதிர்வண்டிக்கு ஒதுங்கும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்தால், ஒரு நாள் சண்டையை ஆடி முடிக்க ஒரு மாதம் பிடிக்கும். ஆகவே ஆட்டம் அமைப்பவர்கள், ஒரு முறைக்கு இத்தனை படைப்பிரிவுதான் இரயிலேறலாம் என்று ஓர் எண்ணை வைத்துவிடுகிறார்கள். அது நல்ல ஏற்பாடுதான் என்பது நம் எண்ணம்.

நம் ஊர்ப் பாதையை வைத்தே இதைச் சோதிப்போம். பிறையிலிருந்து புக்கிட் தெங்கா வழியாக வரும் கம்பிச் சடக்கு, புக்கிட் மெர்தாஜாமில் பெரிய பாதையோடு சேர்கிறது. அந்தப் பெரிய பாதை 1918-இல் பாடாங் பெசாரில் சயாம் பாதையோடு இணைந்தது. இரண்டின் அகலமும் ஒரு மீட்டரே. ஆகவே எல்லையில் வண்டி மாற வேண்டியிருக்கவில்லை. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் சிங்கோராவில் இறங்கியபோது, பஞ்சாப் படைவீரர்கள் பாடாங் பெசாரிலிருந்து கவச இரயிலில் சயாமுக்குள் சென்று, 200 அடிப் பாலம் ஒன்றைத் தகர்த்துத் திரும்பினர். இதைப் பலகையில் காட்டுவது எளிது: பாதை அறுந்தது, செப்பனிட இத்தனை முறை ஆகும், அவ்வளவே. டிசம்பர் 17-க்குள் பிரிட்டிஷ் படை பினாங்கைக் கைவிட்டது.

அதற்குப் பின் நடந்ததுதான் பலகையில் அடங்காதது. பர்மாவிலிருந்த படைக்குக் கடல்வழி ஆபத்தாகவே, ஜப்பானியர் 1942-இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போடத் தொடங்கினர். ஆட்டக்காரர் சில புள்ளிகளைச் செலவழித்து ஒரு கோடு இழுத்துவிடுவார். உண்மையிலோ, மலாயாவின் கிழக்குக்கரைத் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தோட்டங்களிலிருந்து நம் தாத்தாமாரைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து வடக்கே கொண்டுபோனார்கள். படையை ஏற்றும் இரயிலுக்கு முன்னால், கூலிகளை ஏற்றும் இரயில் ஓட வேண்டியிருந்தது! 1943 மழைக்காலத்தில் காலரா பரவி, முகாம் முகாமாக ஆட்கள் மடிந்தனர். திரும்பி வராத பல்லாயிரம் தமிழர்களில் பலருக்குப் பெயர்ப் பதிவுகூட இல்லை.

இதை ஆட்டத்தில் சேர்க்க முடியாதா? முடியும் என்றே நாம் கருதுகிறோம். கரியையும் தண்ணீரையும் விட்டுவிடலாம். ஆனால் பாதை போட எத்தனை ஆள், எந்தத் தோட்டத்திலிருந்து, எத்தனை பேர் மிச்சம் என்று எழுத ஒரு கட்டம் வேண்டும். அதனால் ஆட்டம் சற்றே மெதுவாகும். ஆனாலும் கோடு இழுக்கும் கை ஒரு கணம் நிற்கும்.

அந்தப் பாதையில் நாளொன்றுக்கு 3,000 டன் சரக்கு அனுப்பத் திட்டமிட்டவர்கள், வேலையை விரைந்து முடிப்பதற்காக அதை 1,000 டன்னாகக் குறைத்தார்கள். பலகையில் அது 3 என்ற எண்ணை அழித்து 1 என்று எழுதுவதுதான். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது.