விளைந்த கதிரும் முளைத்த பயிரும்



‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. முளையைக் கண்ட அளவிலே விளைவை மதிப்பிடலாம் என்பது அதன் துணிபு. இத்துணிபைப் பெரும்பொருள் வைத்துச் சோதித்துப் பார்த்தோருள் ஒரு சாரார், ஐக்கிய அமெரிக்காவிலே தொழின்முறைக் கூடைப்பந்தாட்டக் கழகங்களை நடத்துவோர். முளையை நம்பி வென்றாரும் அவருள் உண்டு. நம்பி இழந்தாரும் உண்டு. முற்றிய கதிரே வேண்டுமென்று நின்று, பக்கத்து வயலின் விளைவைக் கண்டு பின்னர் ஏங்கினாரும் உண்டு. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

கூடைப்பந்தாட்டம் 1891 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்திலே, மசாச்சுசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெயிஸ்மித் என்னும் ஆசிரியரால் வகுக்கப்பட்டது. குளிர்காலத்தில் மாணாக்கர் கூரையின் கீழ் ஆடுதற்கென எழுந்த அவ்வாட்டம் கல்லூரிகளிலேயே வேரூன்றிப் பரவியது. தொழின்முறைக் கழகங்களின் சங்கமோ 1946 இலேதான் தோன்றியது. 1949 இல் மற்றொரு சங்கத்துடன் இணைந்து, தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம் என்னும் பெயரைப் பெற்றது.

அச்சங்கம் 1947 முதல் ஆண்டுதோறும் ‘தெரிவு’ என்னும் ஒரு நிகழ்ச்சியை நடத்தி வருகின்றது. புதிதாக ஆட வரும் இளைஞரைக் கழகங்கள் முறைவைத்து ஒவ்வொருவராகப் பெயர் கூறி எடுத்துக்கொள்ளும். சென்ற பருவத்தில் பின்தங்கிய கழகங்களுக்கு முன்வரிசை கிடைக்கும். வலியவர் மேலும் வலியவராகாது தடுப்பதே இதன் கருத்து. ஒரு கழகம் தெரிந்தெடுத்த இளைஞன் அந்நாட்டின் பிறிதொரு கழகத்துடன் பேரம் பேச இயலாது. ஆதலின் அந்த ஒரு நாளின் முடிவு கழகத்துக்கும் இளைஞனுக்கும் பல்லாண்டு விளைவை உடையது.

இத்தெரிவிலே இடையறாது எழும் வினா ஒன்றுண்டு. நான்கு ஆண்டுகள் கல்லூரியில் ஆடித் தன் ஆற்றலை நிலைநாட்டிய இருபத்திரண்டு வயதினனை எடுப்பதா? அன்றி, இன்று பிழைபட ஆடினும் நாளை அவனை விஞ்சக்கூடிய பத்தொன்பது வயதினனை எடுப்பதா? வயதை மட்டும் கொண்டு இவ்வினாவுக்கு விடை கூறல் அரிது. இளைஞன் முற்றும்வரை காத்திருப்பதற்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பதிலேயே விடை பெரிதும் தங்கியுள்ளது என்பதை வரலாறு காட்டுகின்றது.

தொடக்கக் காலத்தில் இவ்வினா எழவே இல்லை. உயர்பாடசாலையை விட்டு நான்கு ஆண்டுகள் கழியுமுன் எவனும் சங்கத்தில் ஆடலாகாது என்பது அக்காலத்து விதி. இவ்விதியால் இருசாராரும் பயன் பெற்றனர். கல்லூரிகள் புகழ்வாய்ந்த ஆட்டக்காரரை நான்கு ஆண்டுகள் ஊதியமின்றி வைத்திருந்தன. கழகங்கள், பிறர் செலவில் பயிற்சி பெற்று, நாடறிந்த பெயரும் பெற்ற ஆட்டக்காரரைப் பெற்றுக்கொண்டன. காத்திருத்தலின் செலவு முழுவதையும் இளைஞனே சுமந்தான்.

வில்ற் சேம்பர்லேன் 1958 இல், மூன்றாம் ஆண்டின் முடிவில், கான்சஸ் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். அவரைத் தடுத்து ஆடக்கூடியவர் கல்லூரிகளில் எவருமிலர் என்பது வெளிப்படை. எனினும் விதி தடுத்தது. ஆகவே ஓராண்டுக் காலம் ஊர் ஊராகச் சென்று வேடிக்கை ஆட்டம் ஆடும் ஹார்லம் குளோப்றொற்றேர்ஸ் குழுவுடன் திரிந்தார். 1959 இல் பிலடெல்பியாக் கழகத்திற் சேர்ந்து, முதற் பருவத்திலேயே ஆட்டமொன்றுக்குச் சராசரி 37.6 புள்ளி பெற்றார். சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருதும், மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் ஒருங்கே அவரை வந்தடைந்தன. அவர் முற்றுவதற்காக அந்த ஓராண்டு தேவைப்பட்டது என்று எவர் கூறுவார்?

அவ்விதியை உடைத்தவர் ஸ்பென்சர் ஹேவுட். மிசிசிப்பி மாநிலத்தில் பருத்தி பறித்து வாழ்ந்த வறிய குடும்பத்திற் பிறந்தவர். 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக் போட்டியில் அமெரிக்கக் குழுவுக்குத் தங்கப் பதக்கம் ஈட்டிக் கொடுத்தபோது அவர் வயது பத்தொன்பது. நாட்டுக்காக ஆடத் தகுதியுடையவர் ஊதியத்துக்காக ஆடத் தகுதியற்றவர் என்பது விந்தையன்றோ! அவர் முதலில் போட்டிச் சங்கமொன்றிலே டென்வர்க் கழகத்துக்கு ஆடி, 1970 இல் சியாற்றில் கழகத்துடன் ஒப்பந்தம் செய்தார். சங்கம் தடுத்தது. வணிகப் போட்டியைத் தடைசெய்யும் கூட்டுச் சூழ்ச்சி இது என ஹேவுட் தரப்பினர் வழக்குத் தொடுத்தனர். 1971 மார்ச்சு மாதத்தில் உச்ச நீதிமன்றத்து நீதியரசர் வில்லியம் டக்ளஸ், வழக்கு நடைபெறுங் காலத்தில் ஹேவுட் ஆடுவதைத் தடுத்தலாகாது எனக் கட்டளையிட்டார். வழக்குப் பின்னர் சமரசத்தில் முடிந்தது.

இதன்மேல், குடும்ப வறுமையை எடுத்துக்காட்டுவோர் முன்கூட்டியே வரலாம் எனச் சங்கம் விதியைத் தளர்த்தியது. 1976 இல் அவ்வறுமைச் சான்றும் வேண்டாததாயிற்று. இடையில், 1974 இல், வேர்ஜீனியா மாநிலத்து மோசஸ் மலோன் உயர்பாடசாலையிலிருந்து நேரே போட்டிச் சங்கத்துக்குச் சென்றார். அவர் பிற்காலத்தில் மும்முறை மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தெரியப்பட்டார். 1975 இல் மேலும் இரு மாணாக்கர் தேசியச் சங்கத்தின் தெரிவிலே இடம் பெற்றனர்; அவர்கள் நெடுங்காலம் ஆடினரேனும் எதிர்பார்த்த உயரத்தை எய்தவில்லை. அதன்பின் 1995 வரை கழகங்கள் உயர்பாடசாலைப் பக்கம் திரும்பவில்லை. கதவு திறந்தே இருந்தது. ஆயினும் காத்திருக்க எவரும் ஆயத்தமாயில்லை.

அக்காலத்தில் கழகங்கள் அனுபவத்தையே நாடின. அனுபவம் தவறாத வழிகாட்டியா என்பதை 1984 ஆம் ஆண்டுத் தெரிவு காட்டும். முதலிடத்திலிருந்த ஹூஸ்ரன் கழகம் ஹக்கீம் ஒலாஜுவனை எடுத்தது. இரண்டாமிடத்துப் போட்லன்ட் கழகம், கென்ரக்கிப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுகளைக் கழித்த, ஏழடிக்கு மேல் உயரமுடைய சாம் போவியை எடுத்தது. மூன்றாவதாக சிக்காக்கோ எடுத்தவர் மூன்றாண்டுகளே கல்லூரியில் ஆடிய மைக்கல் ஜோர்டன். போட்லன்டில் ஜோர்டனின் இடத்தில் ஆடுதற்குக் கிளைட் டிறெக்ஸ்லர் ஏலவே இருந்தார். உயரமானவரே தேவை என்று அக்கழகம் கருதியது. போவி கால் முறிவினால் கல்லூரியில் இரு பருவங்களை முற்றாக இழந்தவர் என்பதும் தெரிந்ததே. நீண்ட வரலாறு கண்முன் இருந்தும், அதனைப் படித்தோர் தம் தேவைக்கேற்பவே படித்தனர். ஜோர்டன் சிக்காக்கோவுக்கு ஆறு வாகைப் பட்டங்களை ஈட்டிக் கொடுத்தார்.

1995 ஆம் ஆண்டில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு முதலாவதாகத் தெரியப்பட்ட கிளென் றொபின்சன், பத்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 68 மில்லியன் டொலர் ஒப்பந்தம் பெற்றிருந்தார். ஓர் ஆட்டமேனும் ஆடாதவருக்கு இத்துணைப் பொருளா எனக் கழகங்கள் அஞ்சின. ஆதலின் புதுமுகத்தினருக்கு, தெரிவு வரிசைக்கேற்ப, சில ஆண்டுகளுக்கு மட்டும் வரையறுத்த ஊதியத் திட்டம் வகுக்கப்பட்டது. செலவைக் குறைக்க எழுந்த இத்திட்டமே இளைஞர்க்குக் கதவை அகலத் திறந்தது. கழகத்துக்கு ஒரு தவறான தெரிவின் விலை குறைந்தது. இளைஞனுக்கோ, முதல் ஒப்பந்தத்தை எத்துணை விரைவில் முடிக்கின்றானோ அத்துணை விரைவில் பேரம் பேசும் உரிமை கிடைக்கும். கல்லூரியில் கழியும் ஒவ்வோராண்டும் அவனுக்கு நட்டமாயிற்று.

அவ்வாண்டே மினசோற்றாக் கழகம், சிக்காக்கோ நகரத்து உயர்பாடசாலை மாணாக்கர் கெவின் கார்னற்றை ஐந்தாவதாக எடுத்தது. அவரை உடனே களத்தின் நடுவில் நிறுத்தவில்லை. மூத்த ஆட்டக்காரரின் துணையோடு மாற்றாளாக ஆடவிட்டு, பருவத்தின் இடையிலேயே முதல் ஐவருள் சேர்த்தனர். 2004 இல் அவர் மிகச் சிறந்த ஆட்டக்காரரானார். 1996 இல் பதின்மூன்றாவதாகத் தெரியப்பட்டு லொஸ் ஏஞ்சலிஸ் கழகத்துக்கு மாற்றப்பட்ட கோபி பிரயன்ற் முதற் பருவத்தில் ஆட்டமொன்றுக்குச் சராசரி கால் மணி நேரமே ஆடினார். 1997 மே மாதத்தில், யூற்றாக் கழகத்துடனான முக்கிய போட்டியின் இறுதிக் கட்டத்தில், அவர் எறிந்த பந்து நான்கு முறை வளையத்தையே தொடாது வீழ்ந்தது. பதினெட்டு வயதினர் ஒருவர் நாடே பார்க்கத் தோற்றார். கழகம் அவரைக் கைவிடவில்லை. ஐந்து வாகைப் பட்டங்கள் பின்னர் வந்தன.

இவர்களைக் கண்டு பிறரும் துணிந்தனர். 2001 இல் குவாமி பிறவுண், உயர்பாடசாலையிலிருந்து முதலாவதாகத் தெரியப்பட்ட முதல் மாணாக்கரானார். தெரிந்தெடுத்தது வாஷிங்டன் கழகம். அதன் ஆட்ட நிருவாகத் தலைவர் மைக்கல் ஜோர்டன். அப்பருவத்திலேயே ஜோர்டன், தம் முப்பத்தெட்டாம் வயதில், மீண்டும் களமிறங்கினார். உடனடி வெற்றியை நாடிய அக்கழகத்துக்குப் பொறுத்திருக்கப் பொழுதில்லை. பிறவுண் முதற் பருவத்தில் சராசரி 4.5 புள்ளியே பெற்றார். அவர் பன்னிரண்டு பருவங்கள் சங்கத்தில் ஆடினார் என்பதும் மறக்கத்தக்கதன்று. ஆயினும் ‘முதல்வர்’ என்னும் பெயரே அவருக்குச் சுமையாயிற்று. அதே தெரிவில் ஆறாவதாக வந்தவர், டியூக் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுகள் ஆடிய ஷேன் பற்றியர். பெரும்புள்ளிகள் குவியாதெனினும், எவ்விடத்தில் வைத்தாலும் பயன்படும் ஆட்டம் அவருடையது. 2012, 2013 ஆகிய ஆண்டுகளில் மயாமிக் கழகத்துடன் வாகைப் பட்டம் பெற்றார்.

2004 இல் இவ்வினா இன்னும் தெளிவாக எழுந்தது. ஒருபுறம், மூன்றாண்டுகள் ஆடித் தம் கனெற்றிக்கற் பல்கலைக்கழகத்தை வாகை சூடச்செய்த எமெக்கா ஒக்காபோர்; மறுபுறம், பாடசாலையை விட்டு அப்போதே வெளியேறிய டுவைற் ஹவார்ட். ஒர்லாண்டோக் கழகம் ஹவார்டையே எடுத்தது. முதற் பருவ முடிவில் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருது ஒக்காபோருக்கே கிடைத்தது. ஐந்தாம் பருவ முடிவில், 2009 இல், ஒர்லாண்டோவை இறுதிப் போட்டிக்கு இட்டுச் சென்றவர் ஹவார்ட். எவர் தெரிவு சரி என்பது எந்த ஆண்டிற் கணக்கை முடிக்கின்றோம் என்பதைப் பொறுத்தது.

வென்றோர் பெயர்களே நம் காதில் விழுகின்றன. அக்காலத்தில் பாடசாலையிலிருந்து தெரிவுக்குப் பெயர் கொடுத்து, எக்கழகமும் எடாது விட்டமையால், கல்லூரியில் ஆடும் உரிமையையும் இழந்து நின்ற மாணாக்கரும் உளர். பதினெட்டு வயதில் ஒரு தாளில் இட்ட கையொப்பம் இரு கதவுகளையும் அடைத்துவிட்டது. இதனை எண்ணும்போது வயது வரம்பு வேண்டும் என்போரின் கூற்றும் புறக்கணிக்கத் தக்கதன்று.

2005 இல் சங்கமும் ஆட்டக்காரர் சங்கமும் உடன்பட்டு, 2006 ஆம் ஆண்டுத் தெரிவு முதலாக, தெரிவு நடைபெறும் ஆண்டிலே பத்தொன்பது வயது நிறைதல் வேண்டும் என்றும், அமெரிக்க மாணாக்கர் பாடசாலையை விட்டு ஓராண்டு கழிதல் வேண்டும் என்றும் விதித்தன. சிறந்த மாணாக்கர் கல்லூரியில் ஓராண்டு தங்கி வெளியேறும் வழக்கம் இதனால் எழுந்தது. அந்த ஓராண்டு கழகங்களுக்கு இலவசச் சோதனைக்காலம். இளைஞனுக்கோ ஊதியமின்றி உடலைப் பணயம் வைக்கும் காலம். சோதனைதானும் உறுதி தரவில்லை. 2007 இல் கிறெக் ஓடன் முதலாவதாகவும் கெவின் டியூரன்ற் இரண்டாவதாகவும் எடுக்கப்பட்டனர். இருவரும் ஓராண்டே கல்லூரியில் ஆடியவர்கள். முழங்கால் நோயால் நலிந்த ஓடன் சங்கத்தில் ஆடியவை 105 ஆட்டங்களே. டியூரன்ற் தலைமுறையின் பெருவீரருள் ஒருவரானார். வயதும் ஒன்று, அனுபவமும் ஒன்று, விதி வேறு.

2000 ஆம் ஆண்டில் முதலாவதாகத் தெரியப்பட்ட கெனியன் மார்ற்றினுக்குப் பின், 2025 வரை, நான்காண்டுக் கல்லூரி ஆட்டத்தை முடித்த எவரும் முதலிடம் பெற்றிலர். முன்வரிசை முளைகளுக்கே உரியதாயிற்று. எனினும் கதிர்கள் மறைந்தொழியவில்லை. பின்வரிசையிலே மலிவாகக் கிடைத்தன. கோல்டன் ஸ்ரேற் கழகம் 2009 இல் ஏழாவதாக எடுத்த ஸ்ரீபன் கறியும், 2011 இல் எடுத்த கிளே தொம்சனும் மூன்றாண்டு ஆடியவர்கள். 2012 இல் முப்பத்தைந்தாவதாக எடுத்த டிறேமண்ட் கிறீன் நான்காண்டு ஆடியவர். இம்மூவரைக் கொண்டு அக்கழகம் 2015 முதல் 2022 வரை நான்கு வாகைப் பட்டங்களைப் பெற்றது. மறுபுறம், மில்வோக்கிக் கழகம் 2013 இல் கிரேக்க நாட்டுப் பதினெட்டு வயது இளைஞர் யானிஸ் அன்றற்றோக்கும்போவைப் பதினைந்தாவதாக எடுத்தது. முதற் பருவத்தில் அவர் பெற்ற சராசரி 6.8 புள்ளியே. எட்டாண்டுகள் பொறுத்திருந்த கழகம் 2021 இல் வாகை சூடியது.

அதே 2021 இல் மற்றொரு மாற்றம் தொடங்கியது. கல்லூரி ஆட்டக்காரர் தம் பெயராலும் உருவத்தாலும் பொருளீட்டலாம் என அனுமதிக்கப்பட்டது. 2025 யூலை முதல் கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் செலுத்தலாம் என்றும் ஆயிற்று. அவசரமாகத் தெரிவுக்கு ஓடிய இளைஞருட் சிலர் இப்போது மேலும் ஓராண்டு கல்லூரியில் தங்கத் துணிகின்றனர். அவர்களை அறிவுரை மாற்றவில்லை. காத்திருக்கும் காலத்துக்கும் கூலி உண்டு என்ற நிலையே மாற்றியது.

திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்து, அடுத்து ‘தெரிந்து வினையாடல்’ என வேறோர் அதிகாரமும் வகுத்தார். ஆளைத் தெரிதல் ஒன்று. தெரிந்தவனை உரிய வினையில் உரிய முறையில் வைத்தல் பிறிதொன்று. அமெரிக்கக் கழகங்களுட் பல முன்னதிலே தம் அறிவு முழுவதையும் செலவிட்டுப் பின்னதை மறந்தன. கார்னற்றையும் பிறவுணையும் ஒப்பிடின், இருவரும் பாடசாலையிலிருந்து நேரே வந்த முளைகளே. நிலமும் நீரும் வேறு.

ஆகவே முளையா கதிரா என்று வினவும் எவரும் முதலில் தம்மையே வினவுதல் நன்று: பொறுத்திருக்கும் ஆற்றல் எம்மிடம் உண்டா? அச்செலவை ஏற்பவர் யாமா, அவ்விளைஞனா? ‘ஆம், யாமே’ என்று கூறவல்லவர் முளையை எடுக்கலாம். ஏனையோர் கதிரை எடுத்தலே இருவர்க்கும் நலம். பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் இடங்களில் அமர்ந்திருப்போர், ஆட்டக்களத்தில் மட்டுமன்றிப் பிறவிடங்களிலும், இவ்வினாவைக் கேட்டுக்கொள்ளலாம்.