சுவரில் ஒரு புத்தகம், மேடையில் ஒரு பெயர்

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் தெருக்களுக்குள் நடந்தால் அடிக்கடி ஒரு சுவர் எதிர்ப்படும். நீலக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, கையில் கனமான புத்தகம்: அம்பேத்கர். ஏரியா பெயின்டர் ஏணி போட்டு வரைந்தது. ஃப்ளெக்ஸ் வந்து அவங்க பிழைப்பு போன பிறகும் இந்தப் படங்கள் மிச்சம் இருக்கு.

புத்தகத்தை வைத்து வரைந்த தெரு ஓவியம் என்றதும் நாம வெளிநாட்டுப் படங்களைத்தான் பகிர்கிறோம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 2019இல் ஒரு கட்டடச் சுவரில் பெரிய புத்தக அலமாரியையே வரைந்தார்கள். அங்கே குடியிருப்பவர்கள் தங்களுக்குப் பிடித்த புத்தகங்களைச் சொல்ல, அவை அலமாரியில் ஏறின. அழகான வேலை. நம்ம சுவரில் இருப்பதோ ஒரே ஒரு புத்தகம். அது ரசனையைச் சொல்லும் படம் இல்லை. படிக்க விடாமல் வைக்கப்பட்டவர்கள், 'எங்க ஆள் படிச்சாரு, சட்டம் எழுதினாரு' என்று தெருவுக்கே சொல்லும் படம்.

சுவருக்கு வராத புத்தகங்களும் உண்டு. அயோத்திதாச பண்டிதர் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். பெயரே விலையைச் சொல்லிடுது: கூலி வேலை பார்ப்பவரும் வாங்கணும். 1914இல் அவர் இறந்தார். அதன் பிறகு நம் பாடப் புத்தகங்களும் இலக்கிய வரலாறுகளும் அவரை ஏறக்குறைய மறந்தே போயின. ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவந்தது 1999இல். இடையில் 85 வருஷம்!

அதுக்கப்புறமும் அது ஆய்வாளர்கள் கையில்தான் அதிகம் இருந்தது. தெருவுக்குக் கொண்டுவந்தது ஒரு பேண்டு. ஆவடிக்குப் பக்கத்து கரலப்பாக்கத்தில் வளர்ந்து, சென்னை கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவர் பா. ரஞ்சித். 'மெட்ராஸ்' (2014) படத்தில் ஒரு சுவரையே கதையின் மையமாக வைத்தவர். அவருடைய நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் மேடை ஏறியது. கானா, ராப், ராக், பறை, கிட்டார் எல்லாம் ஒரே மேடையில். 'சாதியில்லாத் தமிழர்கள்' என்று அயோத்திதாசர் சொன்னதிலிருந்து பிறந்தது அந்தப் பெயர்.

இதில் கானா இருப்பது சும்மா இல்லை. சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடி, போனவரை நினைவில் நிறுத்தும் பாட்டு அது. நம்மில் பலருக்கு நாஸ்டால்ஜியா என்றால் பழைய கேசட். கானாவுக்கோ அது செத்தவருக்குச் செய்யும் கடமை. மறக்கப்பட்ட ஒரு பண்டிதரை நினைவுக்குக் கொண்டுவர இதைவிடப் பொருத்தமான இசை எது?

நான் அயோத்திதாசரை முதலில் நூலகத்தில் சந்திக்கவில்லை. இந்த பேண்டுக்கு ஏன் இப்படி ஒரு பெயர் என்று தேடிப்போய்த்தான் சந்தித்தேன். என்னைப் போல இன்னும் எத்தனையோ பேர் இருப்பாங்க. சுவரை நாளைக்கே வெள்ளையடிக்கலாம், பாட்டும் பழசாகலாம். அதற்குள் யாராவது ஒருத்தர் அந்தத் தொகுதியைக் கையில் எடுத்துட்டா போதும்.