நல்லெண்ணெயில் கலந்த நஞ்சு

லிந்துலை, தலவாக்கலை, அட்டன் முதலிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வாழும் நம் மக்கள், தென்னிந்தியாவிலிருந்து தம்முடன் கொண்டுவந்த வழக்கங்கள் பல. பெண்பிள்ளை பூப்பெய்தியதும் அவளைத் தனியே அமர்த்தி, நல்லெண்ணெயும் முட்டையும் உளுந்தங்களியும் ஊட்டுதல் அவற்றுள் ஒன்று. மகளின் இடுப்பும் எலும்பும் உறுதிப்பட வேண்டும் என்னும் தாயன்பே இவ்வழக்கத்தின் வேர். அந்த அன்பின் வழியே நஞ்சும் உட்புகுந்த ஒரு நிகழ்ச்சி இந்நாட்டு மருத்துவ வரலாற்றில் உண்டு. நேயர்கள் அதனை அறிந்திருத்தல் நன்று.

1977, 1978ஆம் ஆண்டுகளில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த இளம் தமிழ்ப் பெண்கள் 20 பேர் கடுமையான நரம்புத் தளர்ச்சிக்கு ஆளாயினர். இத்தகைய நோயில் முதலில் கெண்டைக்கால் வலிக்கும், பாதம் மரமரக்கும். பின்னர்ப் பாதம் தொய்ந்து, நடக்கும்போது நிலத்தில் இழுபடும். அடுத்து விரல்களின் வலிமையும் குன்றும். செங்குத்தான மலைச்சரிவில் ஏறி நின்று, விரல் நுனியால் கொழுந்து கிள்ளிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு, காலும் கையும் தளர்தல் என்பது வாழ்வே தளர்தல் அன்றோ?

நரம்புகள் பழுதுறக் காரணங்கள் பல உள. நீரிழிவும் தொழுநோயும் அவற்றைத் தாக்கும்; உணவில் தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குறைந்தாலும், ஈயமோ ஆசனிக்கோ உடலிற் சேர்ந்தாலும் அவை கெடும். ஆயினும், ஒரே சமூகத்தில், ஒரே பருவத்துப் பெண்களை மட்டும் தேடிவரும் நோய்க்கு, அப்பருவத்துக்கே உரிய ஏதேனும் ஒன்று காரணமாதல் வேண்டும். அந்த ஒன்று, பூப்புக்காலத்து உணவில் இடம்பெற்ற நல்லெண்ணெய். மருத்துவர்கள் நிமல் சேனாநாயக்கவும் ஜே. ஜெயரத்தினமும் இவ்வுண்மையை 1981இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். எண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேட் என்னும் இரசாயனம் கலந்திருந்தது. இயந்திர எண்ணெய்களில் சேர்க்கப்படுவது அது. முன்னர்க் கனிம எண்ணெய் வைத்திருந்த கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றிவந்தமையால் இக்கலப்பு நேர்ந்திருக்கலாம் என அவர்கள் கருதினர்.

ஆகவே குற்றம் எள்ளிலும் இல்லை. தாயரின் வழக்கத்திலும் இல்லை. கழுவாத கலனில் இருந்தது குற்றம்.

இந்நஞ்சு உலகுக்குப் புதியதன்று. 1930இல் அமெரிக்காவில், மதுவிலக்குக் காலத்தில், இஞ்சிச் சாற்றில் இது கலக்கப்பட, அதனைக் குடித்த பல்லாயிரவர் கால் விளங்காமற் போயினர். 1959இல் மொறோக்கோ நாட்டில், விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் ஏறத்தாழ 10,000 பேர் முடமாயினர். 1988இல் கல்கத்தாவின் பெஹாலாப் பகுதியிலும் சமையல் எண்ணெய் வழியே இதே கேடு விளைந்தது. எங்கும் துன்புற்றோர் பெரும்பாலும் எளியவர்களே. மலிவாகக் கிடைப்பதை வாங்குவோரிடமே கலப்படம் முதலில் வந்து சேர்கின்றது.

இந்நஞ்சு உண்டவுடன் தன் கொடுமையைக் காட்டுவதில்லை. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரங்கள் கழிந்த பின்னரே கால் தளரும். அதற்குள் உண்ட பொருளை மறந்துவிடுகின்றோம். நரம்பிழைகளுள் மிக நீண்டவை பாதத்துக்குச் செல்பவை. அவை நுனியிலிருந்து அழியத் தொடங்குவதால் முதலில் பாதமே வீழ்கின்றது.

அழிந்த இழையை உடனே மீட்கும் மாற்றுமருந்து இல்லை. கை கால்களில் ஓடும் நரம்பு, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அளவே மீண்டும் வளரும். அது வளரும் வரை, தசை வற்றாமலும் மூட்டு இறுகாமலும் காப்பதே மருத்துவம்: நாள்தோறும் உடற்பயிற்சி, தொய்ந்த பாதத்துக்கு அணைகட்டை, நடைப் பழக்கம். முள்ளந்தண்டு வடத்தின் இழைகளோ அவ்வாறு மீள்வதில்லை. அதனால் சிலருக்குக் காலில் விறைப்பு நிலைத்துவிடுவதும் உண்டு. சேனாநாயக்க இந்நோயாளிகளை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதிய ஆய்வும் 1981இலேயே வெளிவந்தது.

மருந்தால் முழுதும் மீட்க இயலாத இடத்தில் முன்காப்பே சிறந்த மருந்து. இயந்திர எண்ணெயோ பூச்சிமருந்தோ இருந்த கலனில், எத்தனை முறை கழுவினும், உண்ணும் பொருளை ஊற்றுதல் ஆகாது. ஒரே இடத்தில் இருவர் மூவருக்குக் கால் தளர்ந்தால் அதனை விதியென விட்டுவிடாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்க. சென்ற சில வாரங்களில் உண்டது யாது, எண்ணெய் வாங்கியது எங்கே என்பதையும் சொல்லுக. மகளுக்கு நல்லெண்ணெய் ஊட்டும் தாய், அந்த எண்ணெய் எதில் வந்தது என்று ஒருமுறை கேட்பாளாயின், அவள் அன்பு முழுமை பெறும்.