அங்குலத்துக்கு 26 மரை

ஒரு நட்டு தொலைந்துபோனதில் தொடங்கியது இந்தத் தேடல். நம் வீட்டுத் திண்ணையில் நெடுங்காலமாகச் சாத்திவைக்கப்பட்டிருந்த பழைய ராலே சைக்கிளை மீண்டும் ஓட்டத் தக்கதாக்கிவிட வேண்டும் என்று முனைந்தபோது, முன்சக்கர அச்சின் ஒருபக்க நட்டு மட்டும் காணவில்லை. மற்றதெல்லாம் இருந்தன. மணிகூட அடித்தது.

நட்டுத்தானே என்று எண்ணி ஒரு ஹார்டுவேர் கடைக்குச் சென்றோம். அச்சைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனது எவ்வளவு நல்லதாயிற்று என்பது பின்னரே விளங்கியது. கடைக்காரர் எடுத்துக்கொடுத்த சாதாரண 8 மி.மீ. நட்டு, அச்சின் முதல் மரையைக்கூடப் பற்றவில்லை. நுண்மரை கொண்ட மற்றொரு 8 மி.மீ. நட்டை எடுத்துத் தந்தார். அது மூன்று நான்கு சுற்று இலகுவாகச் சென்றது. பிறகு இறுகி நின்றுவிட்டது. "ஸ்பேனர் போட்டு அழுத்தித் திருப்புங்க சார், தானா வழி பண்ணிக்கிட்டுப் போயிடும்" என்றார். நல்லவேளையாக நாம் அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் நட்டு தனக்கு வழி பண்ணிக்கொண்டிருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் தேயாமல் இருந்த அச்சின் மரை அழிந்திருக்கும்.

முதலில் சில சுற்றுகள் இணங்கிப் பிறகு மறுத்த அந்த நட்டின் நடத்தையில் ஏதோ ஒரு வரலாறு ஒளிந்திருப்பதாகத் தோன்றியது. அதைத் தேடிப் போனதன் விளைவே இக்கட்டுரை.

பாடநூல்கள் புரி என்று சொல்வதைப் பட்டறைகள் மரை என்று சொல்கின்றன. நாம் பட்டறைச் சொல்லையே கைக்கொள்வோம். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளியே இங்கு முதன்மையானது. நம் சைக்கிளின் முன் அச்சு 8 மி.மீ. அன்று, அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு, அதாவது 7.94 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் அதன் மேல் ஓர் அங்குல நீளத்துக்கு 26 மரைகள் வெட்டப்பட்டுள்ளன. கணக்கிட்டால் இடைவெளி 0.977 மி.மீ. கடைக்காரர் தந்த நுண்மரை நட்டின் இடைவெளி 1 மி.மீ. வேறுபாடு 0.023 மி.மீ. மட்டுமே, தலைமயிரைவிட மெல்லியது. ஆயினும் அந்தப் பிசகு ஒவ்வொரு மரைக்கும் கூடிக்கொண்டே போகிறது. ஆறாவது மரையில் அது 0.14 மி.மீ. ஆகிறது. அவ்விடத்தில் இரும்பும் இரும்பும் ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன.

சரி, இந்த 26 எங்கிருந்து வந்தது?

* * *

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பட்டறைகளில் பொது அளவு என்று ஒன்று இருக்கவில்லை. ஒவ்வொரு போல்ட்டும் அதற்கென்றே செய்யப்பட்ட நட்டும் ஒரு தம்பதி. எந்திரத்தைப் பிரிக்கும்போது எது எதனோடு சேர்ந்தது என்று குறியிட்டு வைக்கவேண்டும். ஜோடி மாறிவிட்டால் எந்திரம் திரும்பச் சேராது. லண்டனில் பட்டறை நடத்திய ஹென்றி மாட்ஸ்லி, 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் துல்லியமாக மரை வெட்டும் கடைசல் எந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். ஒரே மாதிரியான மரையைத் திரும்பத் திரும்ப வெட்ட அதனால் முடிந்தது. ஆனால் எந்த மரையை வெட்டுவது என்பதில் பட்டறைக்குப் பட்டறை வேறுபாடு நீடித்தது.

மாட்ஸ்லியிடம் பணியாற்றிய ஜோசப் விட்வொர்த் இதற்கொரு வழி கண்டார். நாட்டின் பல பட்டறைகளிலிருந்து திருகாணிகளைச் சேகரித்து, அவற்றை அளந்து, சராசரி கண்டு, 1841இல் குடிமைப் பொறியாளர் கழகத்தின் முன் ஓர் ஒருங்கிணைந்த மரை முறையை முன்வைத்தார். மரையின் கோணம் 55 பாகை. ஒவ்வொரு தடிமனுக்கும் அங்குலத்துக்கு இத்தனை மரை என்று ஓர் அட்டவணை: கால் அங்குலத்துக்கு 20, அரை அங்குலத்துக்கு 12 என்றவாறு. ஊர் ஊராகச் சுவடி தேடி, பாடபேதங்களை ஒப்புநோக்கி ஒரு நூலை நிறுவும் பதிப்பாசிரியரின் பணியை இது ஒத்தது. பதிப்பாசிரியர் சராசரி எடுப்பதில்லை என்பது ஒன்றே வேறுபாடு. ரயில் நிறுவனங்கள் இம்முறையை ஏற்றுக்கொண்டன. பேரரசு சென்ற இடமெல்லாம் விட்வொர்த் மரையும் சென்றது.

அட்லாண்டிக்கின் மறுகரை இதை ஏற்கவில்லை. பிலடெல்பியாவின் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகைக் கோணம் கொண்ட வேறொரு முறையை முன்மொழிந்தார். 55 பாகையை அளந்து சரிபார்ப்பது கடினம், 60 பாகையைச் சாதாரணத் தொழிலாளியும் எளிதில் உருவாக்கலாம் என்பது அவர் வாதம். ஆங்கிலம் பேசும் இரு நாடுகளின் நட்டுகள் அன்று பிரிந்தவைதாம்; ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு அவை சேரவில்லை.

* * *

சைக்கிள் இக்கதைக்குள் பிற்பாடுதான் வருகிறது. 1885இல் கவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வண்டி வெளிவந்தபின், இரு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவுள்ள இன்றைய சைக்கிளின் வடிவம் நிலைபெற்றது. கவென்ட்ரி, பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம் ஆகிய ஊர்களில் தொழிற்சாலைகள் பெருகின. அவர்களுக்கு விட்வொர்த்தின் மரை உதவவில்லை. அது ரயிலுக்கும் நீராவி எந்திரத்துக்கும் ஏற்ற ஆழமான மரை. பதினாறில் ஐந்து அங்குல அச்சில் விட்வொர்த் அட்டவணைப்படி அங்குலத்துக்கு 18 மரை வெட்டினால், பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 0.9 மி.மீ.; நடுவில் எஞ்சும் இரும்பு 6.1 மி.மீ. தான். 26 மரை வெட்டினால் ஆழம் அரை மி.மீ. அளவே, எஞ்சுவது 6.9 மி.மீ. ஓர் ஆளையும் ஒரு மூட்டை நெல்லையும் சுமந்து மேடுபள்ளத்தில் குதிக்கும் வண்டிக்கு இந்த முக்கால் மி.மீ. சிறிய விஷயம் அன்று. அதிர்வில் எளிதில் கழலாது என்பது நுண்மரையின் மற்றொரு நன்மை.

ஆகவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சைக்கிள் பொறியாளர் கழகம் என்ற பிரிட்டிஷ் அமைப்பு சைக்கிளுக்கென்றே தனி மரையை வகுத்தது. கோணம் 60 பாகை. விட்வொர்த்தின் சொந்த நாட்டிலேயே அவரது 55 கைவிடப்பட்டது. பெரும்பாலான தடிமன்களுக்கு ஒரே எண்: அங்குலத்துக்கு 26. தடிமன் மாறினாலும் இடைவெளி மாறாததால் கடைசல் எந்திரத்தை ஒருமுறை அமைத்துவிட்டுப் பல உறுப்புகளுக்கு வெட்டலாம். நம் முன் அச்சு பதினாறில் ஐந்து அங்குலம், பின் அச்சு எட்டில் மூன்று அங்குலம்; இரண்டுக்கும் 26 தான்.

இதோடு முடிந்திருந்தால் தேடுபவர் பாடு எளிது. ஃபிராங்க் பௌடன் 1880களின் இறுதியில் பொறுப்பேற்று வளர்த்த ராலே நிறுவனம், ஒரு படி மேலே சென்றது. ஹேண்டில்பாரைத் தாங்கும் தலைப்பகுதியிலும் பெடல் அச்சு சுழலும் அடிப்பகுதியிலும் பிற பிரிட்டிஷ் நிறுவனங்கள் அங்குலத்துக்கு 24 மரை வைத்தன. ராலே தன் நாட்டிங்ஹாம் வண்டிகளில் அங்கும் 26 வைத்தது. நோக்கம் எதுவாயினும் விளைவு ஒன்றே: ராலே வண்டிக்கு ராலே உறுப்புதான் பொருந்தும். உலகச் சந்தையில் அது பெரிய நிறுவனமாக இருந்தவரை இது எவருக்கும் உறுத்தவில்லை. பெரிய வீட்டின் வழக்கம் ஊர் வழக்கம் ஆகிவிடுவதைப்போல.

இலக்கிய வாசகர்களுக்கு அந்தத் தொழிற்சாலை அறிமுகமான இடம்தான். ஆலன் சில்லிட்டோவின் 'சனி இரவும் ஞாயிறு காலையும்' நாவலின் (1958) நாயகன் ஆர்தர் சீட்டன், நாட்டிங்ஹாமின் சைக்கிள் தொழிற்சாலையில் கடைசல் எந்திரத்தில் நிற்பவன். சில்லிட்டோவே இளமையில் ராலேயில் வேலை பார்த்தவர். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. வேகமாகச் செய்தால் கூலியைக் குறைத்துவிடுவார்கள், மெதுவாகச் செய்தால் கைக்குப் போதாது. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வேகத்தைக் கணக்கிட்டு அவன் இரும்பைக் கடைகிறான். நம் திண்ணைச் சைக்கிளும் அந்த ஆண்டுகளில் செய்யப்பட்டதே. அதன் நட்டை வெட்டியவனும் அப்படியொரு கணக்கோடுதான் நின்றிருப்பான்.

* * *

மரைகள் ஒன்றோடொன்று பொருந்தாததன் விலையை இரண்டாம் உலகப்போர் உணர்த்தியது. பிரிட்டனின் மெர்லின் விமான எந்திரத்தை அமெரிக்காவில் செய்ய ஒப்புக்கொண்ட பேக்கார்டு நிறுவனம், பிரிட்டிஷ் மரைகளை வெட்டுவதற்கான கருவிகளைத் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. போருக்குப் பின் 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 60 பாகைக் கோணத்தில் ஒரு பொது மரைக்கு உடன்பட்டன. 1965இல் பிரிட்டன் மெட்ரிக் அளவைக்கு மாறும் முடிவை அறிவித்தது. சைக்கிள் மரை மெல்ல மெல்லப் பழைய மாதிரிகளின் நோயாகிப் போனது. 2002இல் நாட்டிங்ஹாமில் ராலே சைக்கிள் உற்பத்தியே நின்றது.

அப்படியானால் 26 செத்துவிட்டதா என்றால், இல்லை. அது இந்தியாவில் உயிரோடிருந்தது.

விடுதலைக்குப் பின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தபோது, பிரிட்டிஷ் நிறுவனங்கள் இந்தியக் கூட்டாளிகளோடு இங்கேயே ஆலை அமைத்தன. 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. 1950களின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தின் அசன்சோலில் சென்-ராலே எழுந்தது. எந்திரங்களோடும் வரைபடங்களோடும் மரையும் கப்பலேறி வந்தது. சோனிபட்டில் அட்லஸ் 1951இலும், லூதியானாவில் ஹீரோ 1956இலும் தொடங்கின. ஹீரோவின் முஞ்சால் சகோதரர்கள் முதலில் உதிரிபாக வணிகர்களே. ஏற்கெனவே சாலையில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குப் பொருந்தாத உதிரிபாகத்தை எவரும் வாங்கமாட்டார் என்பதால், அவர்களும் அவர்களைச் சுற்றிப் பெருகிய நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் ஆங்கிலேய மரையையே வெட்டின.

1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. சேரும் வீசையும் கிலோவாகின, அணாவும் பைசாவாகிவிட்டது. சைக்கிளின் அச்சு மட்டும் மாறவில்லை. சட்டத்தால் தராசை மாற்றலாம். ஊர் ஊராக நிற்கும் வண்டிகளின் மரையை மாற்ற முடியாது. இங்கிலாந்து தான் பெற்ற பிள்ளையைக் கைவிட்ட பிறகும், லூதியானா அதை வளர்த்துக்கொண்டிருந்தது. இன்று பழைய ராலேயைப் புதுப்பிக்கும் ஆங்கிலேயரின் கைக்கும் சில வேளைகளில் இந்தியாவில் செய்த காட்டர் பின்னும் அச்சும்தான் போய்ச் சேர்கின்றன.

* * *

நம் நட்டின் கதைக்குத் திரும்புவோம். மூன்றாவது கடையிலும் ஏமாந்தபின், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சைக்கிள் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் போனோம். அச்சை வாங்கிக் கட்டைவிரல் நகத்தால் மரையை ஒருமுறை தடவிப் பார்த்தார். "இங்கிலீஸ் மரை" என்றார். அளவி எதையும் அவர் எடுக்கவில்லை. பின்னால் இருந்த ஒரு டால்டா டப்பாவைத் தரையில் கவிழ்த்து, எண்ணெய்ப் பிசுக்கேறிய நட்டுகளையும் கோன்களையும் பால்ரஸ்களையும் விரல்களால் துழாவினார். ஒன்றை எடுத்து அச்சில் வைத்தார். அது கடைசிவரை கையாலேயே போயிற்று. "மரைன்னா இப்படிப் போகணும் தம்பி. ஸ்பேனரு இறுக்குறதுக்குத்தான், ஏத்துறதுக்கு இல்ல" என்றார்.

அந்த டப்பாவில் இருந்தவை அவர் வாங்கிச் சேர்த்தவை அல்ல. நாற்பது ஆண்டுகளாகப் பிரித்த வண்டிகளிலிருந்து எறியாமல் வைத்தவை. இன்று அவர் கடைக்கு வருவன பெரும்பாலும் கியர் வைத்த புது வண்டிகள். அவற்றின் அச்சுகள் மெட்ரிக். அவற்றிலும்கூடச் சங்கிலியின் கண்ணி அரை அங்குலம், பெடலின் மரை அங்குலத்துக்கு 20 என்ற பழைய கணக்கு உலகம் முழுவதும் தொடர்கிறது என்பது வேறு கதை.

தமக்குப் பின் இந்தக் கடையை நடத்த ஆளில்லை என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னார். அப்போது அந்த டப்பா காயலான் கடைக்கு எடைக்குத்தான் போகும். அங்கே 26க்கும் 24க்கும் வேறுபாடில்லை. இரும்பு, கிலோ இவ்வளவு. பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் தத்தம் ஊரில் இப்படியொரு டப்பா இருக்கிறதா என்று இப்போதே விசாரித்து வைப்பது நல்லது. போகும்போது பழைய உறுப்பையும் கையோடு கொண்டுபோங்கள். பொருந்தாததை அழுத்தித் திருப்பாதீர்கள்.

நட்டுக்கு என்ன விலை என்று கேட்டோம். அதற்கெல்லாம் காசு வேண்டாம் என்றவர், நம் சைக்கிளின் மறுபக்க நட்டையும் ஒருமுறை இறுக்கிவிட்டு, டப்பாவுக்குள் மிச்சத்தை அள்ளிப் போட்டார்.