கொடி இல்லாத நாலு நாள்: சோச்சி 2014

பின்னாடி ரயில் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. வீடு பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்துல. செங்கல்பட்டு லோக்கல் போகும்போதெல்லாம் ரெக்கார்டிங்கை நிறுத்தினா எபிசோடே முடியாது.

இன்னிக்குப் பேசப்போறது பனியைப் பத்தி. மார்கழியில ஜிஎஸ்டி ரோட்டுல லேசா மூட்டம் போட்டாலே குல்லா மாட்டிக்கிற ஊர்லேர்ந்து பனிச்சறுக்கு பத்திப் பேசுறது கொஞ்சம் ஓவர்தான். ஆனா இந்தக் கதையில சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கு.

முதல்ல ஒரு விளையாட்டைத் தெரிஞ்சுக்கணும். பேரு நார்டிக் கம்பைன்ட். 1924ல் பிரான்ஸின் ஷாமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கிலிருந்தே இது இருக்கு. ரெண்டு பாகம். காலையில ஒரு பெரிய சரிவிலிருந்து ஸ்கீயோட பறந்து தாண்டணும். அப்புறம் 10 கிலோமீட்டர் பனியில சறுக்கி ஓடணும். ஒண்ணு பறவை வேலை, இன்னொண்ணு மாட்டு வேலை. ரெண்டையும் ஒரே ஆள் செய்யணும்.

ரெண்டையும் எப்படிக் கூட்டுறது? அதுக்கு நார்வேக்காரர் குந்தர் குந்தர்சன் ஒரு வழி கண்டுபிடிச்சார். அவரே இந்த விளையாட்டை ஆடினவர். தாண்டலில் முதல்ல வந்தவர் ஓட்டத்தை முதல்ல தொடங்குவார். மத்தவங்க எத்தனை புள்ளி பின்தங்கியிருக்காங்களோ அதை நேரமா மாத்தி, அவ்வளவு தாமதமா கிளம்பணும். 15 புள்ளி குறைஞ்சா 1 நிமிஷம் நிக்கணும். நீங்க மோசமா தாண்டினீங்களா, நீங்க லேட்டா கிளம்புங்க. கணக்கு நேர்மையானது. இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

2013-14 சீசன்ல இந்த விளையாட்டோட ராஜா ஜெர்மனியின் எரிக் ஃப்ரென்ஸெல். அந்த வருஷம் உலகக் கோப்பை மொத்தப் பட்டியல்ல முதலிடம் அவருக்குத்தான். சீசனுக்கு நடுவுல, 2014 பிப்ரவரியில, ரஷ்யாவின் சோச்சியில் ஒலிம்பிக். பிப்ரவரி 12 அன்னிக்கு அங்கே தங்கமும் அவருக்கே. ஜப்பானின் அகிதோ வதாபே வெள்ளி.

அந்தப் போட்டியில இந்தியர் யாரும் இல்லை. ஆனா அதே சோச்சியில மூணு இந்தியர் இருந்தாங்க. நார்டிக் கம்பைன்ட்டோட ரெண்டாவது பாதியான கிராஸ் கன்ட்ரி ஓட்டத்துக்கு நதீம் இக்பால். ஜம்மு-காஷ்மீரைச் சேர்ந்த ராணுவ வீரர். மலைச்சரிவில் சறுக்கும் ஆல்பைன் பிரிவுக்கு இமாசலத்தின் ஹிமான்ஷு தாக்கூர். லூஜ் பிரிவுக்கு, அதாவது சின்ன சறுக்குவண்டியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு பனிக்குழாய்ல பாயுற விளையாட்டுக்கு, ஷிவா கேசவன். அப்பா கேரளம், அம்மா இத்தாலி, வளர்ந்தது மணாலி பக்கம். 1998ல் நாகானோ போனபோது அவருக்கு வயசு 16. இந்தியாவிலிருந்து போன ஒரே ஆள். சோச்சி அவருக்கு அஞ்சாவது ஒலிம்பிக்.

பிப்ரவரி 7, தொடக்க விழா. மூணு பேரும் மைதானத்துக்குள்ள வர்றாங்க. மூவர்ணக் கொடி இல்லை. ஒலிம்பிக் வளையங்கள் போட்ட வெள்ளைக் கொடிக்குப் பின்னால நடக்குறாங்க. பட்டியல்ல நாட்டுப் பேருக்குப் பதிலா 'சுயேச்சை ஒலிம்பிக் பங்கேற்பாளர்கள்'. தேர்தல்ல சுயேச்சைன்னா நாமளே விருப்பப்பட்டு நிக்கிறது. இங்கே இவங்களை யாரும் கேட்கலை.

இது எங்கே ஆரம்பிச்சது? கொஞ்சம் பின்னாடி போவோம். 2010 தில்லி காமன்வெல்த் போட்டி ஊழல் குற்றச்சாட்டுகள் ஞாபகம் இருக்கும். அந்த ஏற்பாட்டுக் குழுவின் செயலாளர் லலித் பனோட் கைதாகி, பல மாசம் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தவர். 2012 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத் தேர்தல் வருது. பொதுச்செயலாளர் பதவிக்குப் போட்டியில்லாமல் வரப்போறவர் அவரே. இன்னொரு பக்கம், நிர்வாகிகளின் வயசுக்கும் பதவிக் காலத்துக்கும் வரம்பு வைக்கிற அரசு விளையாட்டு விதிகளின்படிதான் தேர்தல் நடக்கணும்னு தில்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியோ, எங்க சாசனப்படி நடத்துங்க, அரசு தலையிடக் கூடாதுன்னு சொன்னது. சங்கம் காதுல வாங்கிக்கலை. 2012 டிசம்பர் 4ஆம் தேதி கமிட்டி இந்தியாவை இடைநீக்கம் செஞ்சது. மறுநாளே இவங்க தேர்தலை நடத்தி முடிச்சாங்க. அது செல்லாதுன்னு கமிட்டி சொல்லிடுச்சு.

அப்புறம் ஒரு வருஷம் இழுபறி. கமிட்டி கேட்டது ஒண்ணுதான்: நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானவங்க தேர்தல்ல நிக்கக் கூடாதுன்னு உங்க விதியை மாத்துங்க. கடைசியில 2013 டிசம்பர் 8 அன்னிக்கு சங்கம் ஒத்துக்கிட்டது. சரி, புதுத் தேர்தல் எப்போ? பிப்ரவரி 9. சோச்சி தொடக்க விழா பிப்ரவரி 7!

இதை நான் பல தடவை யோசிச்சிருக்கேன். ஒரு கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிச்சாச்சு, தாலி செய்யக் கொடுத்த ஆள் ரெண்டு நாள் கழிச்சு வந்து வாங்கிக்கோங்கன்னு சொன்னா வீட்ல என்ன நடக்கும்? இங்கே ஒண்ணும் நடக்கலை. தேதியைக் கொஞ்சம் முன்னாடி வைங்கன்னு கோரிக்கை எழுந்தது. கேசவனே வெளிப்படையா வருத்தப்பட்டார். தேதி மாறலை. குளிர்கால ஒலிம்பிக்குக்கு மூணு பேர்தானே போறாங்க! நூறு பேர் போயிருந்தா கதையே வேற.

பிப்ரவரி 8, 9 ரெண்டு நாள் லூஜ் போட்டி. பயிற்சியில வண்டியிலிருந்து கவிழ்ந்து, ஓடுற வேகத்துலயே மறுபடி ஏறிப் படுத்துப் போனார் கேசவன். அந்த வீடியோ உலகம் பூரா சுத்துச்சு. போட்டியில 37வது இடம். அந்த 37க்குப் பக்கத்துல இந்தியான்னு இல்லை.

கடைசிச் சுற்று நடந்த அதே பிப்ரவரி 9 அன்னிக்கு இங்கே தேர்தல். தலைவரா போட்டியின்றி வந்தவர் நம்ம சென்னைக்காரர், என். ராமச்சந்திரன். அப்போ உலக ஸ்குவாஷ் கூட்டமைப்பின் தலைவர். கிரிக்கெட் வாரியத்தின் என். சீனிவாசனுடைய தம்பி. மறுநாள் பிப்ரவரி 10, ஐபிஎல் சூதாட்ட விசாரணையில் முத்கல் கமிட்டி அறிக்கை உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. அந்த வாரம் நம்ம ஊர் டீக்கடையில சூப்பர் கிங்ஸ் என்னாகும்னுதான் பேச்சு. சோச்சின்னு ஒரு ஊர் இருக்குறதே நமக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

பிப்ரவரி 11. சோச்சியிலேயே கூடிய சர்வதேச கமிட்டியின் நிர்வாகக் குழு தடையை நீக்கியது. ஒலிம்பிக் நடந்துக்கிட்டிருக்கும்போதே ஒரு நாட்டின் தடை நீங்கியது அதுதான் முதல் தடவை. அப்புறம் ஒலிம்பிக் கிராமத்தில் மூவர்ணக் கொடி ஏறிச்சு. பிப்ரவரி 14 அன்னிக்கு 15 கிலோமீட்டர் ஓட்டத்தில் நதீம் இக்பால் இந்தியரா கிளம்பினார், 85வது இடம். ஹிமான்ஷு ஜயன்ட் ஸ்லாலமில் 72வது. அவங்களுக்குக் கொடி கிடைச்சது. கேசவனுக்கு ரெண்டே நாள்ல தப்பிப் போச்சு.

85, 37, இதுக்கெல்லாம் கொடி இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு கேட்கலாம். நானும் ஒரு காலத்துல கேட்டிருப்பேன். பள்ளியில நான் ஒரு விளையாட்டு ஆடினேன், பேர் வேண்டாம். மாவட்ட அளவில் ரெண்டாவது இடம். அம்மா அந்தச் சான்றிதழை லேமினேட் பண்ணி வச்சாங்க. கல்லூரியில விளையாட்டு ஒதுக்கீட்டுக்குக் கொண்டு போனா, இந்தச் சங்கம் ரெண்டா உடைஞ்சிருக்கு, உங்க பக்கத்துக்கு அங்கீகாரம் இல்லைன்னாங்க. யார் யார்கூடச் சண்டை போட்டாங்கன்னே எனக்கு அன்னிக்குத் தெரியாது. ஆனா ஓடினது நான்தானே? தாம்பரம் வரைக்கும் ரயில்ல நின்னுக்கிட்டே வந்தேன், ஒரு வார்த்தை பேசலை. அம்மா அந்தச் சான்றிதழை இன்னும் பீரோவுலதான் வச்சிருக்காங்க.

அதனாலதான் குந்தர்சனோட கணக்கு எனக்குப் பிடிக்கும். அதுல தாமதம் இருக்கு, ஆனா அது உங்க தாமதம். நீங்க தாண்டின தூரத்துக்கு நீங்க நிக்கிறீங்க, அப்புறம் ஓடிப் பிடிக்கலாம். சோச்சியில அந்த மூணு பேர் நின்னது அப்படி இல்லை. தாண்டினவங்க வேற, தடுக்கி விழுந்தவங்க வேற, நேரம் போனது இவங்களுக்கு. கேசவன் எவ்வளவு வேகமாப் போயிருந்தாலும் அந்த ரெண்டு நாளைப் பிடிச்சிருக்க முடியாது.

கேசவன் 2018ல் பியோங்சாங் போனார், ஆறாவது ஒலிம்பிக். அந்த முறை மூவர்ணக் கொடியை ஏந்தி நடந்தவரே அவர்தான். அந்தக் காட்சியை ஒரு தடவை தேடிப் பாருங்க. அதுக்கு முன்னாடி 2014 தொடக்க விழாவையும் பாருங்க, இந்த வரிசையிலேயே பாருங்க.

அடுத்த ரயில் வருது. நான் நிறுத்திக்கிறேன். உங்க வீட்டு பீரோவுலயும் அப்படி ஒரு சான்றிதழ் இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசுவோம்.